சிறிய காரும் ஒன்பது மணல் மூட்டைகளும்



மத்ரஸாவில் கிதாபு ஓதிக்கொடுக்கும் ஒருவருக்குக் கார்ப் பந்தயத் தடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டிலும் முதலில் எழுந்தது அந்தக் கேள்விதான். அதற்கான விடையைச் சொல்ல வேண்டுமானால் நமது பிழை ஒன்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். சொல்வதில் சற்றுக் கூச்சம் உண்டு. ஆயினும், நம்மைப் போலவே சிறிய காரில் பெரிய குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வீடுகள் நம் சமுதாயத்தில் ஏராளம் என்பதால் எழுதுகிறோம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் நாம் வாங்கியது ஒரு பழைய சிறிய கார். மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 800 சி.சி. எஞ்சின். நமக்கு முன்பே இருவர் அதை வைத்திருந்தனர். பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிக்கும், சந்துக்குள் திரும்பும், பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். ஒரு மத்ரஸா உஸ்தாதின் வருமானத்துக்கு அதுவே பெரிய நிஃமத் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்து வந்தோம்.

நம் மூத்த மகனுக்குப் பதினாறு வயது. கார் பற்றிய செய்தி எதுவானாலும் தேடித் தேடிப் படிப்பான். நம் காருக்கு முன்னொரு காலத்தில் நடத்தப்பட்ட சோதனை ஓட்டத்தின் முடிவுகளை எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தான். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க எத்தனை மீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்வான். "நம்ம கார் சின்னதுதான் வாப்பா, ஆனா அவ்வளவு மோசமில்லை" என்பான். கேட்கக் கேட்க நமக்கும் உள்ளூர ஒரு பெருமை வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இராமநாதபுரம் புறப்பட்டோம். முன் இருக்கையில் நம் உம்மா. பின்னால் நம் வீட்டார், மகன், பத்து வயது மகள். பின்பெட்டியில் துணிப்பைகளும், மணமக்களுக்கான பாத்திரப் பெட்டியும், ஒரு சட்டி நிறையத் தின்பண்டமும். வெயில் கடுமையாக இருந்ததால் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. புறப்பட்டதே தாமதம். நம் வண்டிக்கு முன்னால் ஒரு லாரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சாலையின் நடுவில் தடுப்பு இல்லாத பகுதி அது. எதிரே தொலைவில் ஒரு பேருந்து தெரிந்தது. இடம் இருக்கிறது என்று கணக்கிட்டு முந்தத் தொடங்கினோம்.

லாரியின் பாதி நீளத்தைக் கடக்கும்போதே கணக்குப் பிழைத்துவிட்டது தெரிந்தது. காலை முழுவதும் அழுத்தியும் வண்டி தயங்கித் தயங்கியே முன்னேறியது. பேருந்தோ பெரிதாகிக்கொண்டே வந்தது. லாரி ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து நமக்கு இடம்விட்டார்; பேருந்து ஓட்டுநர் மண்தரையில் இறங்கினார். அந்த இருவருடைய நிதானத்தைக் கொண்டு அல்லாஹ் நம் ஐவரையும் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

வண்டியில் யாரும் பேசவில்லை. உம்மாவின் விரல்கள் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தியிருந்தன. அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "இந்த லாரிக்காரர்கள் இப்படித்தான்" என்று நாம் ஏதோ சொன்னோம். யாரும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை.

அதன் பிறகு உம்மா நம் காரில் ஏறவில்லை. வெளியூர் போக வேண்டுமென்றால், "முட்டி வலிக்குது தம்பி, காருக்குள்ளே மடக்கி உட்கார முடியலே, நான் பஸ்ஸிலே வந்துடுறேன்" என்பார்கள். நாமும் நம்பினோம். கார் இருக்கையைவிடப் பேருந்தின் படிகள் முட்டிக்குக் கடினமானவை என்பது பல மாதங்கள் வரை நமக்கு உறைக்கவேயில்லை.

நம் சகோதரியின் மகன் வாகனச் சோதனைத் துறையில் பணிபுரிகிறார். விடுமுறைக்கு வந்திருந்த அவரிடம் மகன் வழக்கம்போல் தன் எண்களை ஒப்புவித்தான். மருமகன் புன்னகையோடு கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த நேரத்தில் வண்டிக்குள்ளே எத்தனை பேர் இருந்தாங்க?"

மகனுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. ஆனால், அந்தக் கேள்வி நம் நெஞ்சில் தைத்தது. இராமநாதபுரம் சாலையில் நடந்ததை அன்றிரவு அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னோம். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. "மாமா, சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு நாள் ஏற்பாடு செய்திருக்கிறோம். நீங்களும் வண்டியைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

அவர் குறிப்பிட்டது திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பால் அமைக்கப்பட்டு 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர். அதற்கு முன் சென்னைக்காரர்கள் பந்தயம் பார்க்கச் சோழவரத்துக்குத்தான் போவார்களாம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றே அங்கே பந்தயத் தடமாக இருந்தது. பந்தயம் என்றாலே பெருஞ்செல்வர்களின் விளையாட்டு என்று நாம் எண்ணியிருந்தோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி எஞ்சினையே கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கி, இளம் ஓட்டுநர்கள் பலர் பயில வழிசெய்தார் என்று மருமகன் சொன்னபோது, நம் சிறிய காரைச் சற்று மரியாதையோடு திரும்பிப் பார்த்தோம்.

தடத்தில் நுழையும் முன் வண்டியைப் பரிசோதித்தார்கள். உள்ளே உருளக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தலைக்கவசம், இருக்கைப் பட்டி கட்டாயம். நம் டயர்களில் காற்றை அளந்த இளைஞர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் இடத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் காட்டினார். ஓரிருவர் மட்டும் செல்லும்போது எவ்வளவு காற்று, முழுச் சுமையோடு செல்லும்போது எவ்வளவு காற்று என்று இரண்டு அளவுகள் அதில் தனித்தனியே அச்சிடப்பட்டிருந்தன. ஐந்தாண்டுகள் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறோம். ஒருநாளும் அதைப் படித்ததில்லை. நம் பின் டயர்களில் அப்போது இருந்த காற்று, அந்த இரண்டு அளவுகளுக்குமே போதாது.

பிறகு மருமகன் சோதனையின் ஒழுங்குகளை விளக்கினார். காரின் வேகமானியை வைத்துச் சோதனை செய்வதில்லை. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம். குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. ஆகவே செயற்கைக்கோள் வழியாக வேகத்தை அளக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். நம் வேகமானி 80 என்று காட்டியபோது அந்தக் கருவி 75 என்றே காட்டியது. காற்று ஒரு திசையில் உதவும், மறு திசையில் தடுக்கும் என்பதால் இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை கிடைத்த நல்ல முடிவை மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. பலமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இத்தனை கவனத்தோடு எடுக்கப்படும் எண் உண்மையானதுதான். ஆனால், அந்த வண்டிக்கு, அந்தச் சுமைக்கு, அந்தத் தரைக்கு மட்டுமே அது உண்மை.

முதலில் நாம் தனியாக, ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஓட்டினோம். சாலையில் முந்துவதற்கு உதவுவது நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டரைத் தொடும் நேரமன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் கூடுவதே என்றார் மருமகன். ஆகவே நான்காம் கியரில் 60லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வர எத்தனை நொடி என்று அளந்தோம். இரு திசைச் சராசரி ஏறத்தாழ 8 நொடி. மகனின் முகம் மலர்ந்தது.

பின்னர் மணல் மூட்டைகள் வந்தன. மூட்டைக்கு 25 கிலோ. "உம்மும்மாவுக்கு எத்தனை?" என்று மருமகன் கேட்டார். நம் மகன் விளையாட்டாகவே கணக்குச் சொன்னான். உம்மும்மாவுக்கு இரண்டு, அவன் தாயாருக்கு இரண்டு (கூட்டிச் சொன்னால் வீட்டில் விசாரணை வருமாம்), தனக்கு இரண்டு, தங்கைக்கு ஒன்று, பின்பெட்டிச் சாமான்களுக்கு இரண்டு. ஆக ஒன்பது மூட்டை, 225 கிலோ. அவரவர் அமர்ந்திருந்த இடத்தில் மூட்டைகளை வைத்து இருக்கைப் பட்டியாலும் கயிற்றாலும் இறுகக் கட்டினார்கள். நம் காரின் எடையே ஏறத்தாழ 700 கிலோதான். அதாவது வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சுமை. டயர்களில் அந்தத் தாளில் கண்டபடி காற்றை நிரப்பினோம். ஏ.சி.யையும் ஓடவிட்டோம், அதைச் சுழற்றுவதும் அந்தச் சிறிய எஞ்சின்தான்.

அதே கியர், அதே நேர்ப்பகுதி, அதே ஓட்டுநர். இம்முறை 8 நொடி ஏறத்தாழ 12 நொடியாகிவிட்டது.

நான்கு நொடி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். மருமகன் தரையில் அமர்ந்து ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னால் 15 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, அதைக் கடந்து, முன்னால் 15 மீட்டர் விட்டு மீண்டும் இடப்புறம் வர வேண்டும். எதிரே வருகிற வண்டியின் வேகம் 80. நாம் தனியாகப் போனால் முந்தி முடிக்க ஏறத்தாழ 12 நொடி. அதற்குள் நாமும் எதிர் வண்டியும் சேர்ந்து கடக்கும் தூரம் ஏறத்தாழ 500 மீட்டர். குடும்பத்தோடு போனால் 14 நொடி. தூரம் ஏறத்தாழ 590 மீட்டர். அந்த 90 மீட்டரில் ஏழு பேருந்துகளை வரிசையாக நிறுத்தலாம். அன்று சாலையில் நமக்கு இல்லாமற்போனது அந்த 90 மீட்டர்தான் என்பது அப்போது விளங்கியது. நாம் கண்ணால் அளந்த இடம் தினமும் தனியாக மத்ரஸாவுக்குப் போய்வந்த காருக்குரியது. அன்று நாம் ஓட்டியதோ வேறொரு கார்.

அடுத்தது பிரேக் சோதனை. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து தனியாக நிற்க ஏறத்தாழ 36 மீட்டர். மூட்டைகளோடு 43 மீட்டர். இடையில் ஆறவிடாமல் மூன்றாம் முறை அழுத்தியபோது பிரேக் சூடேறி அந்தத் தூரமும் கூடியது. நம்முடையது ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டி. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். அதற்கு முந்திய சிக்கன வண்டிகள் பலவற்றில் இல்லை. பிரேக்கை ஒரேயடியாக மிதித்ததும் சக்கரங்கள் சுழலாமல் நின்று வழுக்கின. ஸ்டியரிங்கைத் திருப்பினோம், வண்டி திரும்பவில்லை, நேராகவே போயிற்று. சுழலாத சக்கரத்துக்குத் திசை தெரியாது என்றார் மருமகன். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியிலேயே 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர் ஓடிவிடுகிறோம் என்பதையும் சொன்னார். தடத்தில் ஆடு குறுக்கே வராது. விளக்கில்லாத டிராக்டர் நிற்காது. எதிரே பேருந்து வராது. நம் சாலையில் இவையெல்லாம் உண்டு.

லுஹர் நேரமானது. தடத்தின் ஓரத்தில் நிழல் பார்த்துத் தொழுதோம். தொழுது முடித்து அமர்ந்தபோது, பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு நாம் ஓதிக்கொடுத்து வரும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி கொடுத்து, உடல் மெலியவைத்துத் தயாராக்கிய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடவைத்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு தயாராக்கப்படாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓடவைத்தார்கள். அது ஒரு மைல். அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள்.

பந்தயம் எந்த நிபந்தனையில் கூடும், எதில் கூடாது என்று இந்த ஹதீஸை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறோம். எல்லைகள் ஏன் இரண்டு என்று நின்று யோசித்ததில்லை. தயாராகாத குதிரையை நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கிவிடவும் இல்லை. அதன் மீது ஆறு மைலைச் சுமத்தவும் இல்லை. அதன் சக்திக்கேற்ற தூரத்தை அதற்கு அளந்து கொடுத்தார்கள். பட்டினி போட்டு, ஓயாமல் வேலை வாங்கிய உரிமையாளரைப் பற்றி ஓர் ஒட்டகம் அவர்களிடம் முறையிட்ட வரலாற்றையும் நாம் அறிவோம். ஒட்டகத்துக்குக் கண்ணீர் இருந்தது. காருக்கு அதுவும் இல்லை. இராமநாதபுரம் சாலையில் நம் கார் தயங்கித் தயங்கி முன்னேறியதே, அதுதான் அதன் முறையீடு. நம் காதில் அது விழவில்லை.

ஊர் திரும்பிய அன்று இரவு உணவுக்குப் பின் எல்லாரும் கூடியிருக்கையில் அந்தத் தாளை விரித்துக் காட்டினோம். அன்று லாரிக்காரர் மீது போட்ட பழி பொய்யென்றும், பிழை முழுவதும் நம்முடையதே என்றும் சொன்னோம். அவர் இடம்விட்டிராவிட்டால் நாம் இன்று இங்கே அமர்ந்திருக்க மாட்டோம். முகம் தெரியாத அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் தவறாகப் பேசியது தனிப் பாவம் என்றும் சொன்னோம். மகன் தலைகுனிந்திருந்தான். அவன் படித்துச் சொன்ன எண்கள் பொய்யல்ல. அவற்றை எந்த வண்டிக்குப் பொருத்துவது என்பதை அறிய வேண்டியவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர்தான் என்று அவனுக்கு ஆறுதல் கூறினோம்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "எனக்கு ரெண்டு மூட்டைதானா தம்பி?" பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நமக்குக் கண் கலங்கியது.

இப்போது நம் வீட்டில் சில வழக்கங்கள் மாறியிருக்கின்றன. நெடும்பயணத்துக்கு முன் அந்தக் கதவுத் தாளைப் பார்த்து டயர்களில் காற்றை நிரப்புகிறோம். ஐவர் ஏறினால், தடுப்பில்லாத சாலையில் ஓடும் லாரியை முந்துவதில்லை. அது நிற்கும் வரை, அல்லது சாலை அகலும் வரை பின்னாலேயே போகிறோம். முன்வண்டியோடு விடும் இடைவெளியைக் கூட்டியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறோம். அன்று அந்த அரைமணி நம் கையில் இருந்திருந்தால் லாரியின் பின்னால் பொறுமையாகவே போயிருப்போம்.

சிறிய கார் இழிவானதன்று. தனக்குரிய எல்லைக்குள் அது உண்மையாகவே உழைக்கிறது. அந்த எல்லையை அறிந்து ஓட்டுவது நம் மீதுள்ள அமானத். உங்கள் வீட்டிலும் அப்படியொரு கார் இருந்தால், இன்றே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அந்தச் சிறிய தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சென்ற பெருநாளன்று தொழுகை முடிந்து சகோதரி வீட்டுக்குப் புறப்பட்டபோது, உம்மா பேருந்தைப் பற்றிப் பேசவில்லை. முன் இருக்கையில் அமர்ந்து பட்டியை மாட்டிக்கொண்டார்கள். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. பயண துஆவைச் சற்று உரக்க ஓதினார்கள். வழியில் ஒரு லாரியின் பின்னால் வெகுதூரம் மெதுவாகவே போனோம். உம்மாவின் விரல்களில் தஸ்பீஹ் மணி நிற்காமல் உருண்டுகொண்டிருந்தது.

நம் அனைவருடைய பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன்.